பழைய டிவிக்கு ஸ்டிக் போதுமா, புது டிவியே வாங்கிவிடலாமா?

கேள்வி சுருக்கமாக இது: 2014-இல் வாங்கிய 32 இன்ச் எல்இடி டிவி, ஸ்மார்ட் கிடையாது, படம் மட்டும் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. பார்ப்பவர்கள் அப்பாவும் அம்மாவும். யூடியூபும் ஓடிடியும் பார்ப்பதற்காகப் புது டிவி வாங்குவதா, பழைய டிவியையும் ஸ்மார்ட் ஆக்கும் ஒரு ஸ்டிக் செருகினால் போதுமா? ஸ்டிக் வாங்கிய தெரிந்தவர்கள் "எப்பப் பாத்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு" என்கிறார்களே? ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும் தங்கையின் கல்யாண வீடியோவை அதில் போட முடியுமா?

டிவியை மாற்றாதீர்கள், ஸ்டிக் போதும். வட்டம் சுற்றுவதற்கு ஸ்டிக்கே காரணமாக இருப்பது அபூர்வம். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் ஒன்று கரண்ட், இல்லாவிட்டால் வை-ஃபை, இந்த இரண்டில் ஒன்றுதான் குற்றவாளி. அதனால் எந்த மாடல் வாங்குவது என்பதைவிட, வாங்கியதை எப்படி மாட்டுவது என்றுதான் அதிகம் சொல்லப்போகிறேன்.

டிவியின் திரை பத்து வருடத்துக்கு மேலும் உழைக்கும், உங்களுடையதே சாட்சி. ஸ்மார்ட் டிவிக்குள் இருக்கும் சிப்பும் சாஃப்ட்வேரும் அப்படியில்லை. சில வருடங்களில் அப்டேட் நின்றுவிடும். பிறகு ஒவ்வொரு ஆப்பாக "இந்தச் சாதனத்தில் இனி இயங்காது" என்று சொல்லிவிட்டுக் கழன்றுகொள்ளும். இன்றைக்கு ஸ்மார்ட் டிவி வாங்கும் பலரும் கொஞ்ச வருடம் கழித்து ஒரு ஸ்டிக்கை வாங்கி அதன் முதுகில் செருகத்தான் போகிறார்கள். நீங்கள் அதை இப்போதே செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஸ்டிக் என்பது திரையும் பேட்டரியும் இல்லாத செல்போன். 2013-இல் கூகுள் முதல் குரோம்காஸ்ட்டை 35 டாலருக்குக் கொண்டுவந்தபோது அதற்கு ரிமோட்டே கிடையாது, கையில் இருக்கும் போன்தான் ரிமோட். அடுத்த வருடம் அமேசான் ரிமோட்டோடு ஃபயர் டிவி ஸ்டிக்கை விட்டது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ரிமோட் உள்ளதைத்தான் வாங்க வேண்டும், இதில் பேச்சே இல்லை. குரோம்காஸ்ட் வரிசையை 2024-இல் கூகுள் நிறுத்திவிட்டது. கடையில் பழைய சரக்கு மலிவாகக் கிடக்கிறது என்று ஆசைப்பட வேண்டாம்.

2014 காலத்து 32 இன்ச் டிவிகளில் பாதிக்கு மேல் முழு எச்டி கூடக் கிடையாது என்பது என் அனுபவம். பெட்டியில் 'எச்டி ரெடி' என்று எழுதியிருப்பார்கள், பேனல் 1366-க்கு 768 புள்ளிகளாக இருக்கும். அதில் 4கே ஸ்டிக்கைச் செருகினாலும் 4கே படம் தெரியப்போவதில்லை. ஆனாலும் காசு இடம் கொடுத்தால் நான் 4கே மேக்ஸ் மாதிரி மாடலைத்தான் வாங்கச் சொல்வேன். படத்துக்காக இல்லை, ராமுக்காக, அதாவது ஆப்கள் ஓடும்போது பயன்படும் நினைவகத்துக்காக. சாதாரண ஃபயர் டிவி ஸ்டிக்கில் 1 ஜிபி ராம், 8 ஜிபி சேமிப்பு. 4கே மேக்ஸில் 2 ஜிபி, 16 ஜிபி. இரண்டு வருடம் போய் ஆப்கள் பருத்த பிறகு, ரிமோட்டை அழுத்தினால் மூன்று விநாடி கழித்துத்தான் அசைகிறது என்ற புகார் வருவது 1 ஜிபி மாடல்களில்தான்.

பெயர் தெரியாத கம்பெனியின் ஆண்ட்ராய்டு பெட்டியை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். 'எல்லாச் சேனலும் இலவசம், 64 ஜிபி' என்று ஆயிரத்துச் சொச்சத்துக்கு விற்பார்கள். அவற்றுக்கு வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று பெரும்பாலும் இருக்காது. அது இல்லாவிட்டால் நெட்ஃபிளிக்ஸ் 480 வரித் தரத்துக்கு மேல் படத்தைக் கொடுக்காது. காசு கட்டி எச்டி திட்டம் எடுத்துவிட்டு மங்கலாகப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதைவிட மோசம், 2023 ஜனவரியில் டி95 என்ற பெட்டியை ஒருவர் வாங்கிக் குடைந்து பார்த்ததில், உள்ளே மால்வேர் என்ற திருட்டு சாஃப்ட்வேர் முன்கூட்டியே குடியிருந்தது தெரியவந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 என்ற மால்வேர் வலையில் சிக்கிய இப்படிப்பட்ட பெட்டிகளைக் குறித்துப் பொது எச்சரிக்கையே விட்டது. உங்கள் வீட்டு இணைய முகவரியை வைத்துக்கொண்டு வேறு யாரோ திருட்டு வேலை பார்ப்பார்கள்.

சரி, வாங்கியாகிவிட்டது. டிவியின் முதுகைப் பாருங்கள். எச்டிஎம்ஐ துளை ஒன்றிரண்டு இருக்கும். ஒன்றில் கேபிள் செட்-டாப் பாக்ஸ் இருக்கலாம். கேபிள்காரர் பழக்கதோஷத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரையே செருகிவிட்டுப் போயிருந்தால் இரண்டு துளையும் காலியாகக்கூட இருக்கும். துளை இருக்கிறதா, இல்லையா, அதுதான் முக்கியம்.

இனிமேல்தான் கரண்ட் கதை. ஸ்டிக்கின் பக்கவாட்டில் ஒரு யுஎஸ்பி வயர் வரும். டிவியின் முதுகிலேயே ஒரு யுஎஸ்பி துளையும் இருக்கும். அதில் செருகினால் வயர் தொங்காமல் அழகாக இருக்கிறதே என்று எல்லோரும் அதில்தான் செருகுவார்கள். எங்கள் பெரியம்மா வீட்டிலும் அப்படித்தான் செய்திருந்தார்கள். தினமும் இரவு சீரியல் பாதியில் திரை கறுத்து, கம்பெனி லோகோ வந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். "இது பழசு, உன் தலையில கட்டிட்டான்" என்று பெரியப்பா கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். இரண்டு முறை மாற்றியும் வாங்கியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது ஸ்டிக்கோடு வந்த அடாப்டர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஷோகேஸில் இருந்தது.

கணக்கு எளிது. யுஎஸ்பி 2.0 துளை நியமப்படி கொடுப்பது 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர், அதாவது இரண்டரை வாட். ஸ்டிக்கோடு வரும் அடாப்டரில் '5 வோல்ட், 1 ஆம்பியர்' என்று எழுதியிருக்கும், அது ஐந்து வாட். சில 4கே சாதனங்களுக்கு அதைவிடவும் அதிகம் வேண்டும். மெனுவில் சும்மா நிற்கும்போது இரண்டரை வாட் தாங்கும். படம் ஓட, வை-ஃபையும் முழு மூச்சில் இழுக்க ஆரம்பித்தால் மின்னழுத்தம் இறங்கி ஸ்டிக் மயங்கி விழுந்துவிடும். எச்டிஎம்ஐ துளையிலேயே கரண்ட் வருமே என்று சிலர் கேட்பார்கள். சாதாரணத் துளையில் வராது, நியமப்படி எச்டிஎம்ஐ வழியாகக் கொஞ்சம் கரண்ட் கொடுக்க வேண்டியது ஸ்டிக்தான், டிவி இல்லை. இன்னொன்று, டிவியை அணைத்தால் அநேகமாக அதன் யுஎஸ்பி துளையும் செத்துவிடும். ஒவ்வொரு முறையும் ஸ்டிக் முதலிலிருந்து பூட் ஆக வேண்டும். இரவில் தானாக நடக்க வேண்டிய அப்டேட்டும் நடக்காது, நீங்கள் படம் பார்க்கும்போதுதான் ஆரம்பிக்கும்.

பெரியம்மா வீட்டில் நான் செய்தது, அடாப்டரை எடுத்துச் சுவரில் செருகியதுதான். அதன்பின் அந்த லோகோ நடுவில் வந்ததே இல்லை.

பழைய செல்போன் சார்ஜரைப் போட்டாலும் ஓடும், அதில் 1 ஆம்பியராவது எழுதியிருக்க வேண்டும். வயர் முக்கியம். தலைமுடி மாதிரி மெல்லிசான மூன்று மீட்டர் வயரைப் போட்டால் நல்ல அடாப்டரும் வீண். இன்வெர்ட்டர் இருக்கும் வீடென்றால் ரூட்டரும் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். கரண்ட் போனால் டிவி ஓடும், நெட் போயிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காக நடு ராத்திரி எனக்கு வந்த போன்கள் கணக்கில்லை.

அடுத்தது வை-ஃபை. ஃபைபர்காரர் வயர் எங்கே நுழைகிறதோ அங்கேயே, அநேகமாக வாசல் திண்ணைப் பக்கமோ மாடிப்படிக்குக் கீழேயோ, ரூட்டரை ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போவார். டிவி ஹாலில். நடுவில் ஒன்பது இன்ச் செங்கல் சுவர் ஒன்றோ இரண்டோ. அந்தச் சுவரை ஒட்டி ஒரு இரும்பு பீரோ இருந்தால் கேட்கவே வேண்டாம். அதற்கும் மேல், ஸ்டிக் இருப்பது டிவிக்குப் பின்னால். டிவியின் முதுகில் உலோகத் தகடு, அதன் மறைவில் சுவரோடு சுவராக ஒரு கட்டைவிரல் அளவு ஆன்டெனா. பாவம், அது எப்படித்தான் கேட்கும்?

இதற்குக் கம்பெனிக்காரனே மருந்து வைத்திருக்கிறான். ஸ்டிக்கின் பெட்டிக்குள் அரை அடிகூட இல்லாத ஒரு எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் இருக்கும். துளை இடைஞ்சலாக இருந்தால் போடத்தானே என்று பெட்டியோடு தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அதைப் போட்டு ஸ்டிக்கை டிவியின் ஓரத்துக்கு இழுத்துத் தொங்கவிட்டால் சிக்னலில் கண்கூடாக வித்தியாசம் தெரியும்.

ரூட்டரில் இரண்டு அலைவரிசை இருக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு ரூட்டர் எல்லாம் அதே 2.4-இல்தான் கத்திக்கொண்டிருக்கும், மைக்ரோவேவ் அடுப்பும் சேர்ந்துகொள்ளும். ரூட்டரும் டிவியும் ஒரே அறையிலோ, ஒரு சுவர் தள்ளியோ இருந்தால் 5. இரண்டு சுவர் என்றால் 2.4-ஐயும் போட்டுப் பார்த்து எது நிலையாக நிற்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனிப் பெயர் கொடுத்துவிடுவது நல்லது, இல்லையென்றால் ஸ்டிக் அதன் இஷ்டத்துக்குத் தாவும்.

"100 எம்பி பிளான் போட்டும் சுத்துதே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நெட்ஃபிளிக்ஸே கேட்பது முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15. நாற்பது எம்பி பிளானில் இரண்டு டிவி தாராளமாக ஓடும். பிளானைக் கூட்டுவது, குழாய் அடைத்திருக்கும்போது தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாகக் கட்டுவது மாதிரி. போனை எடுத்துக்கொண்டு டிவிக்குப் பின்னால், ஸ்டிக் தொங்கும் அதே இடத்தில் பிடித்து வேகத்தை அளந்து பாருங்கள். ரூட்டர் பக்கத்தில் 95, டிவி பின்னால் 4 என்று வந்தால் விஷயம் புரிந்துவிடும். அப்போதும் சரிவராவிட்டால் ஸ்டிக்குக்கு ஈதர்நெட் அடாப்டர் தனியாகக் கிடைக்கிறது. ரூட்டரிலிருந்து ஒரு வயரை இழுத்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது.

போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டலாமா என்றால் ஓட்டலாம், ஆனால் எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை இழுக்கும். தினம் 2 ஜிபி என்று ரீசார்ஜ் செய்தவர் இடைவேளை வரைகூடப் பார்க்க முடியாது.

கிரிக்கெட் பார்க்கிற வீடென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டில் கேபிளில் பார்ப்பவர் "அவுட்டு!" என்று கத்திய பிறகுதான் உங்கள் டிவியில் பௌலர் ஓடிவரத் தொடங்குவார். ஸ்டிக் கோளாறு இல்லை. நேரலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டித்தான் அனுப்புகிறார்கள். ஆப்பிள் வகுத்த எச்எல்எஸ் முறையில் ஒரு துண்டுக்கு ஆறு விநாடி என்பது பரிந்துரை, பிளேயர் சுமார் மூன்று துண்டு பின்தங்கி நின்றுதான் ஆரம்பிக்கும். அங்கேயே பதினெட்டு விநாடி போய்விட்டது. ஒவ்வொரு துண்டையும் நாலைந்து தரத்தில் தயாராக வைத்திருப்பார்கள். நெட் மந்தமானால் அடுத்த துண்டை மட்டமான தரத்தில் எடுத்துக்கொள்ளும். படம் திடீரென்று மங்கி மறுபடி தெளிவது அதனால்தான். மட்டமான துண்டும் நேரத்துக்கு வரவில்லையென்றால்தான் வட்டம்.

போனிலிருந்து டிவிக்கு அனுப்புவதில் இரண்டு வகை உண்டு, பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். யூடியூபில் மூலையில் இருக்கும் காஸ்ட் குறியைத் தொட்டால், போன் வீடியோவை அனுப்புவதே இல்லை. 'இன்ன வீடியோவைப் போடு' என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பதோடு சரி, ஸ்டிக் தானே நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். வீடியோ ஓடும்போது போனை ஏரோபிளேன் மோடில் போட்டுப் பாருங்கள், டிவியில் படம் நிற்காது. ஸ்கிரீன் மிரரிங் அப்படியில்லை. போனின் திரையை நொடிக்கு நொடி படம் பிடித்து அனுப்ப வேண்டும். போன் சூடாகும், பேட்டரி கரையும், ஒலியும் உதடும் ஒட்டாது, வாட்ஸ்அப்பில் யார் என்ன அனுப்பினாலும் ஹாலில் எல்லோரும் படிப்பார்கள். கல்யாண ஆல்பம் காட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

டிவிப் பக்கம் மூன்று நான்கு அமைப்புகள் உண்டு. படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, எழுத்து பாதி காணாமல் போனால் அது ஓவர்ஸ்கேன். டிவி ரிமோட்டில் பட அளவை மாற்றுங்கள். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்றிருக்கும். சிஇசி என்ற வசதியை ஆன் செய்தால் ஸ்டிக் ரிமோட்டை அழுத்தியதும் டிவி தானாக விழித்து, சரியான துளைக்கும் மாறிக்கொள்ளும். ஒவ்வொரு கம்பெனியும் அதற்குத் தனிச் செல்லப்பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்குக்கு அனிநெட் பிளஸ், எல்ஜிக்கு சிம்ப்லிங்க், சோனிக்கு பிராவியா சிங்க். உங்கள் அம்மாவுக்கு இது பெரிய உபகாரம். 'ஏவி'யிலிருந்து 'எச்டிஎம்ஐ 2'-க்குப் போகத் தெரியாமல் நாள் முழுக்க நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு மகன் வரும்வரை காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் சத்தம். பாட்டும் சண்டையும் காதைக் கிழிக்கும், வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். அப்பா 40-க்கு ஏற்றுவார், ஹீரோ முதல் அடி அடித்ததும் சமையலறையிலிருந்து அம்மா சத்தம் போடுவார், 12-க்கு இறக்குவார். ஓடிடி படங்கள் பலவும் 5.1 ஒலியில், அதாவது ஆறு ஸ்பீக்கருக்கென்று பிரித்த ஒலியில் வருகின்றன. அதில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வைத்திருப்பது. உங்கள் டிவியில் இருப்பதோ சுவரைப் பார்த்த இரண்டு சின்ன ஸ்பீக்கர். ஸ்டிக்கின் ஒலி அமைப்பில் சரவுண்ட் சவுண்ட் என்ற இடத்தில் 'பிசிஎம்' என்று மாற்றுங்கள், ஆப்பிலும் ஸ்டீரியோ ஒலி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். முழுக்கத் தீராவிட்டாலும் சண்டை குறையும்.

படத்தில் கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் லேசாக விக்குகிறதா? சினிமா விநாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்), ஸ்டிக் வழக்கமாக அனுப்புவது 60. 60-ஐ 24-ஆல் வகுத்தால் மீதமில்லாமல் வராது, அதனால் ஒரு சட்டத்தை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறது. ஸ்டிக்கின் அமைப்பில் 'மேட்ச் ஒரிஜினல் ஃபிரேம் ரேட்' என்பதை ஆன் செய்தால், டிவியும் ஆப்பும் ஒத்துழைத்தால் சரியாகும். படம் தொடங்கும்போது ஒரு நொடி திரை கறுக்கும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கடைசியாகக் கல்யாண வீடியோ. எளிய வழி யூடியூபில் லிங்க் இருப்பவர் மட்டும் பார்க்கும்படி ('அன்லிஸ்டட்') ஏற்றி வைத்துக்கொள்வது. ஆனால் நம் ஊர் கல்யாண வீடியோவில் மாலை மாற்றுவதிலிருந்து பந்தி வரை சினிமாப் பாட்டுதான். உரிமை கேட்டு வீடியோவையே முடக்கினாலும் முடக்குவார்கள், முகூர்த்தம் ஊமையாக ஓடும். அதனால் வீட்டுக்குள்ளேயே ஓட்டுவது நல்லது.

ஒன்றிரண்டு கோப்புதான் என்றால் பென் டிரைவில் போட்டு டிவியின் யுஎஸ்பி துளையிலேயே செருகிப் பாருங்கள். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது. ஹார்டு டிஸ்க்கை அந்தத் துளையில் செருகாதீர்கள், மேலே சொன்ன அதே கரண்ட் கதைதான். மோட்டார் சுற்றத் திணறி டிக்டிக் என்று சத்தம் போடும், உள்ளே இருப்பது போய்விட்டால் கல்யாணத்தை மறுபடி நடத்த முடியாது. நிறைய இருக்கிறதென்றால் ஹார்டு டிஸ்க்கை லேப்டாப்பில் செருகி அந்த ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிருங்கள். ஸ்டிக்கில் விஎல்சி ஆப் இலவசம். அதில் லோக்கல் நெட்வொர்க் என்ற பகுதியில் லேப்டாப்பின் பெயர் தெரியும், பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் திறந்துகொள்ளும். லேப்டாப் தூங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரூட்டரிலேயே யுஎஸ்பி துளை இருந்தால் லேப்டாப்கூட வேண்டாம், ஆனால் ஹார்டு டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் இருப்பது உத்தமம்.

ஓடும்போது, மணமகள் கையை அசைத்தால் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பழைய கேமராக்கள் ஒவ்வொரு சட்டத்தையும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாகப் பிடித்தவை. 'டீஇன்டர்லேஸ்' என்ற வசதி உள்ள பிளேயரில் அதை ஆன் செய்தால் சீப்பு மறைந்துவிடும்.